காலிதா ஜரார் ஏன் மீண்டும் மீண்டும் சிறைக்குப் போனார்?

கேள்வி இரண்டு பகுதிகளாக இருக்கிறது. வன்முறைச் செயலில் ஈடுபட்டதாக எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்காத ஒரு பாலஸ்தீன நாடாளுமன்ற உறுப்பினரை இஸ்ரேல் ஏன் 35 ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கைதுசெய்தது என்பது முதல் பகுதி. சிறைப்பட்ட பாலஸ்தீனப் பெண்கள் எதிர்ப்பு என்று சொல்வது நடைமுறையில் என்ன என்பது இரண்டாவது பகுதி. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருப்பதாக நான் கருதுகிறேன். காலிதா ஜரார் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைகளை வரிசையாகப் பார்த்தால், அவர் எந்த ஊரில் இருக்கலாம், எந்த எல்லையைத் தாண்டலாம், யாருடன் ஒரே அறையில் உட்காரலாம், யாருடைய அடக்கத்துக்கு வரலாம் என்பதைத் தீர்மானிப்பது யார் என்பதே ஒவ்வொன்றிலும் அடிப்படையாக இருப்பது தெரியும். அவர் காட்டிய எதிர்ப்பும் பெரும்பாலும் அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்பட மறுப்பதாகவே இருந்தது.

அவர் 1963-இல் நாப்லஸ் நகரில் பிறந்தவர். பிர்ஜெய்ட் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்து, பிறகு அங்கேயே ஜனநாயகம், மனித உரிமை ஆகியவற்றில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1989 மார்ச் 8 அன்று, இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு எதிரான முதல் பாலஸ்தீன மக்கள் எழுச்சி (முதல் இன்டிஃபாடா) நடந்துகொண்டிருந்தபோது, மகளிர் தினப் பேரணியில் கலந்துகொண்டதற்காக முதல்முறை கைதானார். கைதிகளுக்குச் சட்ட உதவி செய்யும் அத்தமீர் என்ற அமைப்பை 1993 முதல் பத்தாண்டுகளுக்கும் மேல் நிர்வகித்தார். கைதிகளின் கோப்புகளோடும் அவர்களுடைய குடும்பங்களின் கண்ணீரோடும் இத்தனை ஆண்டுகள் பழகிய ஒருவர் பிற்பாடு தாமே அந்தக் கோப்புகளில் ஒன்றாக ஆனார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், சிறைக்குள் அவர் எடுத்த முடிவுகள் பலவற்றுக்கும் காரணம் புரியும்.

2006 ஜனவரியில், பாலஸ்தீனர்களின் நாடாளுமன்றமான சட்டமன்றத்துக்கு நடந்த தேர்தலில், மொத்தம் 132 இடங்களில், பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணி முன்னிறுத்திய பட்டியலுக்கு மூன்று இடங்கள் கிடைத்தன. அந்த மூவரில் ஒருவர் ஜரார். இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தமிழில் வரும் கட்டுரைகள் பலவும் இந்த இடத்தை நாசூக்காகக் கடந்துவிடுகின்றன. மக்கள் முன்னணி ஒரு மார்க்சிய அமைப்பு; அதற்கு அரசியல் பிரிவும் உண்டு, ஆயுதப் பிரிவும் உண்டு. அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் விமானக் கடத்தல்களால் உலகமறிந்த அமைப்பு அது; பிற்காலத்திலும் இஸ்ரேலியக் குடிமக்களைக் கொன்ற தாக்குதல்கள் அதன் பெயரில் நடந்திருக்கின்றன. இஸ்ரேல் மட்டுமல்லாமல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அதைப் பயங்கரவாதப் பட்டியலில் வைத்திருக்கின்றன. ஆகவே இஸ்ரேல் தன் தரப்பில் சொல்லும் காரணம் தெளிவானது: அவர் தடைசெய்யப்பட்ட அமைப்பின் தலைவர்களில் ஒருவர். இந்தக் காரணத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் அதே இஸ்ரேலின் ஒப்புதலோடு நடந்த தேர்தலில் அதே பட்டியலில் நின்று வென்றவர் அவர் என்பதும், குறிப்பிட்ட வன்முறைச் செயல் எதற்காகவும் அவர் தண்டிக்கப்படவில்லை என்பதும் பதிவில் உள்ள உண்மைகள்.

சிறைக் கதவுக்கு முன்பே வேறு கதவுகள் அவருக்கு மூடப்பட்டிருந்தன. 1998-இல் பாரிஸில் நடந்த மனித உரிமைக் காவலர்கள் மாநாட்டுக்குப் போய்வந்த பிறகு, வெளிநாட்டுப் பயணம் அவருக்கு மறுக்கப்பட்டது. 2010-இல் மருத்துவச் சிகிச்சைக்காக ஜோர்டானுக்குப் போக ஒருமுறை அனுமதி கிடைத்தது. அதற்கே மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. இஸ்ரேலிய ஆக்கிரமிப்பில் உள்ள மேற்குக்கரையிலிருந்து வெளியேற விமான நிலையம் கிடையாது. ஜோர்டானுக்குப் போகும் பாலம் ஒன்றே பொதுவான வழி, அதன் கட்டுப்பாடு இஸ்ரேலின் கையில். எனவே ஒருவரை ஊருக்குள்ளேயே முடக்கிவைக்க வழக்கோ தீர்ப்போ தேவைப்படுவதில்லை.

2014 ஆகஸ்டில் நடந்தது இதற்கு நேர் எதிரானது, ஆனால் அதே வகையைச் சேர்ந்தது. இராணுவத்தினர் இரவில் ரமல்லாவை ஒட்டிய அல்-பீராவில் உள்ள அவருடைய வீட்டுக்கு வந்து, 24 மணி நேரத்துக்குள் ரமல்லா பகுதியை விட்டு ஜெரிக்கோவுக்குப் போய் ஆறு மாதம் அங்கேயே இருக்க வேண்டும் என்ற உத்தரவை நீட்டினார்கள். அவர் கையெழுத்திட மறுத்தார். மறுநாள் ஜெரிக்கோவுக்குப் போவதற்குப் பதிலாக ரமல்லாவில் சட்டமன்றக் கட்டடத்துக்குப் போனார். வளாகத்தில் ஒரு கூடாரம் போட்டு அங்கேயே தங்கிவிட்டார். 2007-இலிருந்து கூடாத சட்டமன்றம் அது. பெரிய பாலஸ்தீன அமைப்புகளான ஃபத்தாவுக்கும் ஹமாஸுக்கும் இடையிலான பிளவாலும், உறுப்பினர்கள் பலர் கைதானதாலும் செயலிழந்து கிடந்த அந்தக் கட்டடத்தின் முற்றத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர் உட்கார்ந்துகொண்டு என் இடம் இதுதான் என்று சொன்னார். ஆதரவாளர்கள், வெளிநாட்டுத் தூதுக்குழுவினர், பத்திரிகையாளர்கள் எல்லாரும் அங்கேயே வந்து அவரைப் பார்த்தார்கள். இராணுவம் உத்தரவை ஆறு மாதத்திலிருந்து ஒரு மாதமாகக் குறைத்தது. அவர் ஜெரிக்கோவுக்குப் போகவேயில்லை. சுமூத் என்று பாலஸ்தீனர்கள் சொல்லும் நிலைகுலையாமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது; எனக்கு அந்தக் கூடாரமே போதுமான விளக்கமாகப் படுகிறது.

அடுத்த ஆண்டு அவர் கைதானபோது தேதி கவனிக்கத்தக்கதாக இருந்தது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சாசனம் பாலஸ்தீனத்தைப் பொறுத்தவரை 2015 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த நீதிமன்றத்தில் பாலஸ்தீனத் தரப்பு எடுக்க வேண்டிய நடவடிக்கைகளைக் கவனிக்கும் தேசியக் குழுவில் ஜரார் உறுப்பினர். ஏப்ரல் 2 விடிவதற்கு முன் அவருடைய வீடு சுற்றிவளைக்கப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நிறுவும் ஆவணம் எதுவும் இல்லை. பாலஸ்தீனத்தில் அதைத் தற்செயல் என்று நம்புவோரும் அதிகம் இல்லை.

முதலில் அவருக்கு ஆறு மாத நிர்வாகத் தடுப்புக் காவல் உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. இதன் இயக்கத்தை விளக்காமல் பாலஸ்தீனக் கைதிகள் எவருடைய கதையையும் சொல்ல முடியாது. இராணுவக் கட்டளை 1651-இன் கீழ், அந்தப் பகுதியின் இராணுவத் தளபதி யாரையும் ஆறு மாதம் வரை குற்றச்சாட்டு இல்லாமல் அடைத்துவைக்கலாம். அந்த ஆறு மாதத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். ஆதாரம் ரகசியக் கோப்பில் இருக்கும். நீதிபதி அதைப் பார்ப்பார், அரசு வழக்கறிஞர் பார்ப்பார், கைதியும் அவருடைய வழக்கறிஞரும் பார்க்க முடியாது. நடைமுறையின் வேர் பிரிட்டிஷார் 1945-இல் பாலஸ்தீனத்தில் கொண்டுவந்த நெருக்கடிக்காலப் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. அந்த விதிகள் யூத ஆயுதக் குழுக்களுக்கு எதிராகவும் பயன்படுத்தப்பட்டன. அப்போது யூத வழக்கறிஞர்களே திரண்டு அவற்றைக் கடுமையாகக் கண்டித்தார்கள் என்பது வரலாற்றின் குரூரமான வேடிக்கைகளில் ஒன்று. கைதியின் பார்வையில் இதன் கொடுமை கால அளவில் இருப்பதைவிட நிச்சயமின்மையில்தான் இருக்கிறது. தண்டனைக் கைதிக்கு நாட்காட்டி உண்டு, நாளை எண்ணலாம். தடுப்புக் காவலில் இருப்பவர் ஆறாவது மாதத்தின் கடைசி நாளன்று துணிமணிகளைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருக்க, அன்று மாலை புதுப்பிப்பு உத்தரவு வந்து சேரலாம்.

பன்னாட்டு அளவில் கண்டனங்கள் எழுந்ததும் ஜரார் மீது ரமல்லாவுக்கு அருகே உள்ள ஓஃபர் இராணுவ நீதிமன்றத்தில் 12 குற்றச்சாட்டுகள் கொண்ட வழக்கு தொடரப்பட்டது. தடைசெய்யப்பட்ட அமைப்பில் உறுப்பினராக இருந்தது, பேரணிகளில் பங்கேற்றது, உரையாற்றியது, விடுதலையான கைதிகளின் வீட்டுக்குப் போய் வாழ்த்துச் சொன்னது என்று அந்தப் பட்டியல் போனது. இஸ்ரேலியப் படைவீரர்களைக் கடத்தும்படி ஒரு கூட்டத்தில் தூண்டினார் என்பதுதான் அவற்றில் கனமான குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார். மே மாதத்தில் இராணுவ நீதிபதி ஒருவர் அவரைப் பிணையில் விடலாம் என்று முடிவெடுத்தார். பிணையில் விட்டால் மறுபடியும் தடுப்புக் காவல் உத்தரவு போடுவோம் என்று அரசுத் தரப்பு அறிவித்தது. மேல்முறையீட்டில் பிணை ரத்தானது. விடுவிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் பெயரளவுக்கே இருக்கிறது என்பது அன்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. இராணுவ நீதிமன்றங்களில் தண்டனை விகிதம் 99 விழுக்காட்டுக்கும் மேல் என்று அந்த நீதிமன்றங்களின் சொந்த ஆண்டறிக்கையே காட்டியிருக்கிறது. இந்தச் சூழலில் பெரும்பாலான வழக்குகள் எப்படி முடியுமோ அப்படியே, அதாவது பேரத்தில், அவருடைய வழக்கும் முடிந்தது. 2015 டிசம்பரில் உறுப்பினராக இருந்தது, தூண்டியது என்ற இரண்டு குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு 15 மாதத் தண்டனை பெற்றார். 2016 ஜூனில் வெளியே வந்தார்.

மேற்குக்கரைப் பெண்கள் அடைக்கப்படும் சிறைகள் மேற்குக்கரையில் இல்லை. ஹஷரோன், டாமோன், ரம்லாவில் உள்ள நெவே திர்ட்சா மூன்றும் இஸ்ரேலுக்குள் இருப்பவை. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியின் மக்களை அந்தப் பகுதிக்குள்ளேயே காவலில் வைக்க வேண்டும் என்று நான்காவது ஜெனிவா உடன்படிக்கையின் 76-ஆம் பிரிவு சொல்கிறது. அது மீறப்படுவதால் சட்டப் புத்தகத்துக்கு ஏற்படும் சேதத்தைவிடக் குடும்பங்களுக்கு ஏற்படும் சேதம் பெரிது: சிறைப்பட்ட மகளைப் பார்க்கத் தாய்க்கு இஸ்ரேலுக்குள் நுழையும் அனுமதிச் சீட்டு வேண்டும், அந்தச் சீட்டு பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுக்கப்படலாம். டாமோன் சிறை ஹைஃபாவுக்கு அருகே கார்மல் மலைமேல் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் புகையிலைக் கிடங்காக இருந்த கட்டடம் என்று சொல்வார்கள். ரமல்லாவிலோ நாப்லஸிலோ வாழும் பாலஸ்தீனருக்குக் கார்மலும் ஹைஃபாவின் கடலும் தாத்தா பாட்டி சொன்ன ஊர்கள். அனுமதியில்லாமல் அங்கே போக முடியாது. கைவிலங்கோடு போவதற்கு மட்டும் யாரும் தடை சொல்வதில்லை.

அந்தப் பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைதிகளைச் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே கொண்டுபோகும் வண்டியை எல்லாரும் போஸ்தா என்றே அழைக்கிறார்கள். உள்ளே இரும்பு இருக்கைகள், சிறு சிறு இரும்புத் தடுப்பறைகள், கையிலும் காலிலும் விலங்கு, கோடையில் புழுக்கம், குளிர்காலத்தில் நடுக்கம். ஓஃபரில் காலையில் நடக்கும் பத்து நிமிட விசாரணைக்கு முந்தைய நாளிலேயே புறப்பட்டு, வழியில் இன்னொரு சிறையில் காத்திருந்து, திரும்பிவர மேலும் ஒரு நாள் ஆகும். மாதவிடாய்க் காலத்தில் கழிப்பறை வசதி இல்லாமல் இந்தப் பயணம் போவது என்ன என்பதைப் பெண் கைதிகள் பலரும் வாக்குமூலங்களில் விவரித்திருக்கிறார்கள். விசாரணையே வேண்டாம், வண்டியில் ஏற்றாதீர்கள் என்று சொல்லும் அளவுக்குப் போன கைதிகள் உண்டு.

இப்போது கேள்வியின் இரண்டாவது பகுதிக்கு வரலாம். ஹஷரோனில் ஜராரின் பெயர் நிலைத்ததற்குக் காரணம் அவர் நடத்திய வகுப்பறை. பள்ளி இறுதித் தேர்வைப் பாலஸ்தீனத்தில் தவ்ஜிஹி என்பார்கள். நம் பக்கத்துப் பிளஸ் டூ போலக் குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் தேர்வு அது. பெண்கள் பிரிவில் பதினாறு பதினேழு வயதுச் சிறுமிகள் பலர் படிப்பு பாதியில் நின்ற நிலையில் இருந்தார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையை முன்பே தொடங்கியிருந்தவர் லீனா ஜர்பூனி. இஸ்ரேலியக் குடியுரிமை பெற்ற கலிலேயப் பாலஸ்தீனரான அவர் 2002-இலிருந்து 2017 வரை, பெண்களிலேயே மிக நீண்ட காலம், சிறையில் இருந்தவர். ஹீப்ரு நன்கு தெரிந்தவர் என்பதால் கைதிகளின் சார்பில் நிர்வாகத்தோடு பேசுபவரும் அவரே. 2015-இல் ஜரார் வந்ததும் இருவரும் சேர்ந்து அந்த வேலையைத் தேர்வு எழுதும் நிலைக்குக் கொண்டுபோனார்கள்.

சொல்வதற்கு எளிது. வினாத்தாள் பாலஸ்தீனக் கல்வி அமைச்சகத்தினுடையது. தேர்வு நடப்பதோ இஸ்ரேலியச் சிறையில். தேர்வுக்குரிய தரம் குறையவில்லை என்று அமைச்சகத்துக்கு உறுதிதர, தகுதியுள்ள ஒருவர் உள்ளேயிருந்து பொறுப்பேற்க வேண்டும். முதுகலைப் பட்டம் பெற்ற ஜரார் அந்தப் பொறுப்பை ஏற்றார். பாடநூல்கள் போதுமான அளவு வரவில்லை, வந்தவையும் எல்லாப் பாடத்துக்கும் இல்லை. நிர்வாகம் சில காலம் பொறுத்துக்கொள்ளும், பிறகு வகுப்பறையைப் பூட்டும், கரும்பலகையை எடுத்துக்கொண்டு போகும், வகுப்பு நடத்தினால் தனிமைச் சிறை என்று எச்சரிக்கும். வகுப்பு அப்போது அறைக்குள் நகரும். முற்றத்தில் உலவும் நேரத்தில் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் பயிற்சி நடக்கும். வினாத்தாள் எழுதி முடித்த சிறுமி திரும்பவும் தன் அறைக்குப் போய் இரவு எண்ணிக்கைக்கு நிற்க வேண்டும். முடிவு வெளியான நாளில் தேர்ச்சி பெற்றவர்களுக்காக உள்ளேயே சிறு விழா எடுத்தார்கள்.

நபி சாலிஹ் கிராமத்தில் ஒரு படைவீரரைக் கன்னத்தில் அறைந்ததற்காக 2017 டிசம்பரில் கைதான அஹெத் தமீமியும் சிறையில் இருந்தபடியே பள்ளி இறுதித் தேர்வை முடித்தவர்தான். அப்போது 2017 ஜூலையில் மறுபடியும் தடுப்புக் காவலில் எடுக்கப்பட்டிருந்த ஜரார் அதே சிறையில் பன்னாட்டு மனிதாபிமானச் சட்டம் பற்றிய வகுப்பை நடத்திக்கொண்டிருந்தார். தம்மை அங்கே அடைத்துவைத்திருப்பது எந்தச் சட்டப்பிரிவை மீறுகிறது என்பதை அந்தச் சிறுமிகள் சிறைக்குள்ளேயே, ஒரு தடுப்புக் கைதியிடமிருந்து கற்றார்கள்.

புத்தகங்களைப் பற்றி ஜரார் எழுதிய கடிதம் ஒன்று 2020 இறுதியில், ஒரு பாலஸ்தீன இலக்கிய விழாவுக்காக, டாமோன் சிறையிலிருந்து மறைவாக வெளியே வந்தது. கைதி ஒருவருக்கு மாதம் இரண்டு புத்தகம் என்பது அப்போதைய கணக்கு. ஆனால் பரிசோதனை என்ற பெயரில் பெரும்பாலானவை தூண்டும் தன்மையுடையவை என்று திருப்பி அனுப்பப்படுகின்றன என்று அதில் விளக்குகிறார். தண்டனையாகப் புத்தகமே வராதபடி தடுக்கப்பட்ட மாதங்களும் உண்டு. அந்தக் கடிதத்தில் அவர் குறிப்பிடும் நூல்களில் ஒன்று மாக்சிம் கார்க்கியின் ‘தாய்’; தாயின் அன்பு கிடைக்காத பெண் கைதிகளுக்கு அது ஆறுதலாகிறது என்கிறார். தொ. மு. சி. ரகுநாதன் மொழிபெயர்ப்பில் அதே நாவலைத் தொழிற்சங்க வாசிப்பு வட்டங்களில் படித்து வளர்ந்த தமிழ் வாசகர் பலருக்கு அது புரட்சிக்கு ஆள்சேர்க்கும் கதையாகவே நினைவிருக்கும். தாயைப் பார்க்க அனுமதிச் சீட்டு கிடைக்காத பதினேழு வயதுப் பெண்ணுக்கு அதில் முதலில் கண்ணில் படுவது வேறு.

கூட்டாக நின்ற போராட்டங்களும் இருந்தன. 2018 செப்டம்பரில் ஹஷரோன் முற்றத்தில் கண்காணிப்புக் கேமராக்கள் இயக்கப்பட்டபோது, ஃபூரா என்று அவர்கள் அழைக்கும் அந்தத் திறந்தவெளி நேரத்தையே பெண்கள் புறக்கணித்தார்கள். தலைமுடியை மூடாமல் வெயில் காயவும் உடற்பயிற்சி செய்யவும் அவர்களுக்கு இருந்த ஒரே இடம் அது. இரண்டு மாதத்துக்கும் மேலாக வெயில் படாமலேயே அறைக்குள் இருந்தார்கள். நிர்வாகம் கேமராவை எடுக்கவில்லை. கைதிகளை நவம்பரில் டாமோனுக்கு மாற்றியது. வெற்றி என்று இதைச் சொல்ல முடியாது. இதற்கு முன்னோடியாக ஒரு வெற்றி இருக்கிறது: இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் தொண்ணூறுகளில் செய்துகொண்ட ஆஸ்லோ உடன்பாடுகளின் தொடர்ச்சியாகப் பெண் கைதிகள் அனைவரும் விடுதலையாக வேண்டியிருந்தது, ஆனால் சிலரை மட்டும் விட மாட்டோம் என்று இஸ்ரேல் சொன்னபோது, விடுதலைப் பட்டியலில் இருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்தே போவோம், இல்லையென்றால் யாரும் போக மாட்டோம் என்று சிறையிலேயே தங்கிவிட்டார்கள். ஓராண்டுக்கும் மேல் அப்படிக் கிடந்து, 1997 பிப்ரவரியில் எல்லாரும் ஒன்றாக வெளியே வந்தார்கள். திறந்த கதவு வழியே போக மறுத்த கைதிகளை வேறு எங்கும் அவ்வளவாகக் கேள்விப்பட்டதில்லை. பிற்காலப் பெண் கைதிகளுக்கு அந்த நிகழ்ச்சி மரபாகவே கடத்தப்பட்டது.

2019 பிப்ரவரி இறுதியில், 20 மாதத் தடுப்புக் காவலுக்குப் பிறகு, ஜரார் விடுதலையானார். அந்த ஆகஸ்டில் மேற்குக்கரையில் உள்ள டோலெவ் என்ற இஸ்ரேலியக் குடியேற்றத்துக்கு அருகில் ஒரு நீரூற்றில் குண்டு வெடித்து 17 வயது இஸ்ரேலியப் பெண் கொல்லப்பட்டார். மக்கள் முன்னணியைச் சேர்ந்தவர்கள் மீது பெரிய கைது அலை எழுந்தது. அக்டோபர் 31 அன்று ஜராரும் பிடிக்கப்பட்டார். அமைப்பின் மேற்குக்கரைத் தலைவரே அவர்தான் என்று உளவுத்துறை சொன்னது. ஆனால் 2021 மார்ச்சில் அவர் பெற்ற 24 மாதத் தண்டனை தடைசெய்யப்பட்ட அமைப்பில் இருந்ததற்கானது. குண்டு வெடிப்போடு அவரைத் தொடர்புபடுத்தும் குற்றச்சாட்டு அந்தத் தீர்ப்பில் இல்லை.

விடுதலைக்கு இன்னும் இரண்டரை மாதமே இருந்தபோது, 2021 ஜூலை 11 அன்று, அவருடைய இளைய மகள் சுஹா ரமல்லாவில் தன் வீட்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 31. கனடாவில் படித்துத் திரும்பி, அல்-ஹக் என்ற மனித உரிமை அமைப்பில் பருவநிலை மாற்றம், பாலினம், ஆக்கிரமிப்பு ஆகியவற்றுக்கு இடையிலான தொடர்பை ஆராய்ந்துகொண்டிருந்தவர். தாயின் ஒவ்வொரு கைதின்போதும் பன்னாட்டு அரங்குகளில் அவருக்காகப் பேசியவரும் அவரே. அடக்கத்தில் கலந்துகொள்ள அனுமதிக்கும்படி குடும்பத்தாரும் மனித உரிமை அமைப்புகளும் இஸ்ரேலிய நாடாளுமன்றத்தின் அரபு உறுப்பினர்களும் கேட்டார்கள். பாதுகாப்புக் கைதிகளுக்கு அத்தகைய விடுப்பு விதிகளில் இல்லை என்பது சிறைத்துறையின் பதில். கார்மல் மலையிலிருந்து ரமல்லா சில மணி நேரப் பயணம். காவலோடு கொண்டுபோய்க் காவலோடு திரும்பக் கொண்டுவருவது ஒரு போஸ்தா பயணத்தைவிடச் சிக்கலான ஏற்பாடும் இல்லை.

ஜரார் சிறையிலிருந்து ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். மகளை முத்தமிட்டு வழியனுப்ப விடாததால் ஒரு மலரால் வழியனுப்புவதாக அதில் எழுதியிருந்தார். தன் வலி மகளின் பிரிவினால் மட்டுமே வரும் வலி என்றும் எழுதியிருந்தார். அந்தச் சொற்களை நான் படித்த விதம் இது: துக்கத்திலும்கூட ஒரு கணக்கு இருக்கிறது, தன் அழுகையைத் தன்னை அடைத்துவைத்தவர்களின் சாதனையாக ஆக அவர் அனுமதிக்கவில்லை. செப்டம்பர் 26 அன்று விடுதலையானதும் அவர் மகளின் கல்லறைக்குப் போனார்.

அதற்கு அடுத்த மாதமே, 2021 அக்டோபரில், இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சகம் ஆறு பாலஸ்தீனக் குடிமைச் சமூக அமைப்புகளைப் பயங்கரவாத அமைப்புகளாக அறிவித்தது. தாய் பத்தாண்டுக்கும் மேல் நடத்திய அத்தமீரும், மகள் பணியாற்றிய அல்-ஹக்கும் அவற்றில் இரண்டு. ஐரோப்பிய நாடுகள் பல, தங்களுக்குத் தரப்பட்ட ஆதாரம் போதுமானதாக இல்லை என்று சொல்லி அந்த அறிவிப்பை ஏற்க மறுத்தன. ஜரார் பிர்ஜெய்ட் பல்கலைக்கழகத்துக்கே திரும்பிப் போய், கைதிகளைப் பற்றிய ஆய்வில் ஈடுபட்டார்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலுக்குள் தாக்குதல் நடத்தி, காசா போர் தொடங்கிய பிறகு சிறைகளின் நிலை முற்றாக மாறியது. குடும்பச் சந்திப்புகள் நின்றன, செஞ்சிலுவைச் சங்கத்தினர் உள்ளே போக முடியவில்லை, தொலைக்காட்சி, வானொலி, புத்தகங்கள், சிறைக்கடைப் பொருட்கள் எல்லாம் பறிக்கப்பட்டன. மேற்குக்கரையில் கைதுகள் ஆயிரக்கணக்கில் பெருகி, தடுப்புக் காவலில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இருபது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகக் கட்டப்பட்ட வகுப்பறை என்ற ஏற்பாட்டுக்கு அங்கே இனி இடம் இல்லை. அந்த டிசம்பர் 26 அன்று ஜரார் மறுபடியும் கைதானார். இந்த முறை வழக்கே போடப்படவில்லை. தடுப்புக் காவல், பிறகு புதுப்பிப்பு.

2024 ஆகஸ்ட் 12 அன்று அவரை மட்டும் டாமோனிலிருந்து பிரித்து நெவே திர்ட்சாவில் தனிமைச் சிறையில் அடைத்தார்கள். அப்போது அவருக்கு 61 வயது, உடல்நலக் குறைவும் இருந்தது. அவரைச் சந்தித்த வழக்கறிஞர் வழியாக வெளிவந்த விவரம்: ஏறத்தாழ இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் அறை, மேலே இருந்த சிறு சன்னலும் அடைக்கப்பட்டது, காற்று வருவதற்குக் கதவோரத்தில் ஒரு குறுகிய இடைவெளி மட்டுமே, மூச்சுவிடுவதற்காகப் பெரும்பாலான நேரம் அதன் அருகிலேயே உட்கார்ந்திருக்கிறார். நாள்தோறும் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் சொன்னதாக வழக்கறிஞர் தெரிவித்தார். முந்தைய சிறைவாசங்களில் அவரிடமிருந்து வந்த எந்தச் செய்தியிலும் இந்தத் தொனி இருந்ததில்லை. என்ன தவறுக்காகத் தனிமைச் சிறை என்பது அவருக்குச் சொல்லப்படவில்லை. மற்ற பெண்களோடு சேர்ந்திருக்கும்போதுதான் அவர் ஆசிரியராக, சட்ட ஆலோசகராக, வயதில் மூத்தவராக இயங்க முடியும் என்பது சிறை நிர்வாகத்துக்கு 2015-இலிருந்தே தெரிந்த விஷயம்.

ஐந்து மாதத்துக்கும் மேல் அப்படி இருந்தார். 2025 ஜனவரியில் போர்நிறுத்த உடன்பாட்டின் முதல் பரிமாற்றத்தில், காசாவில் பிணைக்கைதிகளாக இருந்த மூன்று இஸ்ரேலியப் பெண்கள் வீடு திரும்பிய நாளின் நள்ளிரவுக்குப் பிறகு, 90 பாலஸ்தீனர்கள் ஓஃபரிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், மற்றவர்கள் பதின்ம வயதுச் சிறுவர்கள். ஜராரும் அவர்களில் ஒருவர். முடி முழுக்க நரைத்து, மெலிந்து, பேசவே தடுமாறிய நிலையில் அவரைப் படங்களில் பார்த்தவர்களால் ஓராண்டுக்கு முந்தைய முகத்தோடு பொருத்திப் பார்க்க முடியவில்லை. அன்று அவர் பத்திரிகையாளர்களிடம் நீண்ட நேரம் பேசவில்லை.

இத்துடன் இது முடிந்துவிட்டதா என்று அடுத்து கேட்கலாம். பயணத் தடை, இடமாற்ற உத்தரவு, தடுப்புக் காவல், தண்டனை, தனிமைச் சிறை என்று ஐந்து வழிகளையும் ஒரே ஆளிடம் பயன்படுத்திப் பார்த்த நிர்வாகம் அவற்றில் எதையும் கைவிட்டுவிடவில்லை. இராணுவக் கட்டளை 1651 நடைமுறையில்தான் இருக்கிறது. அவரை மறுபடியும் அடைத்துவைக்க ஒரு தளபதியின் கையெழுத்துப் போதும்.